கேட்பது யார்?

கறுப்புத் திரையில் ‘பாஸ்வேர்டு’ என்று கேட்கிறது. தட்டி என்டர் அடிக்கிறோம். மறுபடியும் ‘பாஸ்வேர்டு’. விரல் எங்கோ தவறியிருக்கும் என்று இம்முறை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துத் தட்டுகிறோம். மறுபடியும் அதே கேள்வி. தட்டும்போது நட்சத்திரக் குறிகூடத் திரையில் விழாது என்பது யூனிக்ஸின் பழைய வழக்கம். அதனால் சரியாகத்தான் தட்டினோமா என்ற சந்தேகமும் கூடவே வரும். லினக்ஸ், சொலாரிஸ், ஃப்ரீபிஎஸ்டி, மேக் என இந்தக் குடும்பத்தின் எந்தக் கணினியில் புழங்கியவருக்கும் இது பழகிய எரிச்சல்.

இந்த இடத்தில் பலரும் செய்வது அட்மினைக் கூப்பிட்டுக் கடவுச்சொல்லை மாற்றித் தரச் சொல்வது. புதுக் கடவுச்சொல் வந்த பிறகும் கணினி கேட்டுக்கொண்டேதான் இருக்கும். ‘திரும்பத் திரும்பக் கேட்கிறது’ என்று சொல்லும்போதே, கேட்பது ஒரே ஆள்தான் என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். முதலில் கேட்டது ஒரு நிரலாகவும் அடுத்துக் கேட்டது வேறொரு நிரலாகவும் இருக்கலாம். முதல் நிரல் நம் பதிலை ஏற்றுக்கொண்டு ஒதுங்கியே போயிருக்கலாம். ஆகவே சரியான கடவுச்சொல் எது என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன்னால், கேட்பது யார் என்று பார்த்துவிடுவது நல்லது. அனுபவமுள்ள அட்மின்கள் அங்கேதான் தொடங்குவார்கள்.

தொடக்க கால யூனிக்ஸில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. லாகின் என்ற சிறிய நிரல் பெயரைக் கேட்கும், கடவுச்சொல்லைக் கேட்கும், ‘/எட்சி/பாஸ்வட்’ என்ற கோப்பில் உங்களுக்கான வரியைத் தேடி ஒப்பிட்டுப் பார்க்கும், உள்ளே விடும். மிக முந்தைய பதிப்புகளை விட்டால், அந்த வரியில் உங்கள் கடவுச்சொல் அப்படியே எழுதப்பட்டிருக்காது. ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்சனும் 1979-ல் வெளியிட்ட கட்டுரை இதன் காரணத்தை விவரிக்கிறது. பயனர்கள் வைத்திருந்த 3,289 கடவுச்சொற்களை அவர்கள் திரட்டிப் பார்த்தார்கள். அவற்றில் 86 சதவீதம் மிகக் குட்டையானவை, அல்லது அகராதியிலோ பெயர்ப் பட்டியலிலோ கிடைக்கக்கூடியவை. எனவே ஒப்பிடும் வேலையை வேண்டுமென்றே மெதுவாக்கினார்கள். தட்டிய சொல்லைச் சாவியாக வைத்து டெஸ் என்ற மறையாக்க முறையை அடுத்தடுத்து 25 முறை ஓட்டி, சால்ட் என்ற 12 பிட் எதேச்சை எண் ஒன்றைக் கலந்து, கடைசியில் கிடைக்கும் குழம்பிய எழுத்துகளை மட்டும் கோப்பில் வைத்தார்கள். அதிலிருந்து பின்னோக்கிப் போய் மூலச் சொல்லை எடுக்க வழி கிடையாது. நீங்கள் தட்டும் சொல்லை மறுபடி அதே போல அரைத்து, விளைவு பொருந்துகிறதா என்றுதான் கணினி பார்க்கிறது. பின்னால் டெஸ் போய் எம்டி5 வந்தது, எஸ்எச்ஏ512 வந்தது. அடிப்படை மாறவில்லை.

இந்த ஏற்பாட்டின் விளைவு ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கணினிக்கு உங்கள் கடவுச்சொல் தெரியாது. நீங்கள் தட்டும் அந்தக் கணத்தில்தான் மூலச் சொல் நினைவகத்தில் இருக்கிறது. சோதனை முடிந்ததும் துடைக்கப்படுகிறது. அதற்குப் பிறகு வேறொரு நிரலுக்கு அது தேவைப்பட்டால் வழி இரண்டுதான். முன்பு கேட்ட நிரல் கைமாற்றிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் உங்களிடமே திரும்பக் கேட்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் வரும் தொல்லைகளில் சில அந்தக் கைமாற்றம் எங்கோ அறுந்துபோனதால் வருபவை.

கேட்பவர்கள் பெருகியது வலையமைப்புகள் பெருகிய காலத்தில். ஒரு கணினியின் பயனர் பட்டியலை இன்னொன்றோடு பகிர சன் நிறுவனத்தின் என்ஐஎஸ் வந்தது. எம்ஐடியின் அதீனா திட்டத்திலிருந்து கெர்பரோஸ் என்ற சரிபார்ப்பு முறை வந்தது. ஒருமுறைக் கடவுச்சொற்கள் வந்தன. ஆனால் லாகின், எஃப்டிபி, எஸ்யூ, ஆர்லாகின் என ஒவ்வொரு நிரலும் கடவுச்சொல்லைச் சோதிக்கும் வரிகளைத் தனக்குள்ளேயே வைத்திருந்தது. புது முறை ஒன்றைக் கொண்டுவர வேண்டுமானால் அத்தனை நிரல்களையும் திருத்தி எழுதியாக வேண்டும். இதற்கு மாற்றாக 1995 அக்டோபரில் சன்னைச் சேர்ந்த விபின் சமரும் ஷெமர்ஸும் ஒரு வரைவை முன்வைத்தார்கள். சோதிக்கும் வேலையை நிரல்களிடமிருந்து பிடுங்கி, தேவைக்கேற்பச் செருகவும் கழற்றவும் கூடிய தனி மாட்யூல்களிடம் கொடுத்துவிடலாம் என்பது யோசனை. அதன் பெயர் பாம். அடுத்த ஆண்டே லினக்ஸுக்கும் வந்துவிட்டது. வரைவின் தலைப்பிலேயே ‘ஒருங்கிணைந்த லாகின்’ இருந்தது. பயனர் பல கடவுச்சொற்களைத் தட்டித் திண்டாடக் கூடாது என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. இன்று இரட்டைக் கேள்வி பற்றி வரும் புகார்களில் கணிசமானவை பாமின் அமைப்புக் கோப்பில் போய் முடிகின்றன என்பது வேடிக்கைதான். பழியை வரைவின் மேல் போட முடியாது. இந்தச் சிக்கலை அவர்கள் முன்கூட்டியே பார்த்து மருந்தும் எழுதிவைத்தார்கள். அமைப்பவர்கள்தான் அதைச் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

‘/எட்சி/பாம்.டி’ என்ற ஃபோல்டருக்குள், ரூட் என்ற தலைமைக் கணக்கின் உரிமையோடு கமாண்டை ஓட்ட உதவும் சூடோவுக்கு ஒரு கோப்பு, தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் சர்வருக்கு ஒன்று, திரைப்பூட்டுக்கு ஒன்று என்று இருக்கும். ஒவ்வொரு கோப்பிலும் சில வரிகள். ஒரு வரியில் முக்கியமாக மூன்று சொற்கள்: எந்தக் கட்டத்து வேலை, தோற்றால் என்ன செய்வது, எந்த மாட்யூல். கட்டங்கள் நான்கு. ‘ஆத்’ என்பது ஆளைச் சரிபார்ப்பது. ‘அக்கவுன்ட்’ என்பது கணக்கு காலாவதியாகிவிட்டதா, இந்த நேரத்தில் வரலாமா என்று பார்ப்பது. ‘பாஸ்வேர்டு’ மாற்றுவதற்கு. ‘செஷன்’ உள்ளே விட்ட பிறகு செய்ய வேண்டிய ஏற்பாடுகளுக்கு. பாம் மேலிருந்து கீழாக ஒவ்வொரு மாட்யூலையும் கூப்பிட்டுக்கொண்டே போகும். நம் தொல்லைகள் அதிகமும் முதல் கட்டத்தில்.

ஓர் அலுவலகச் சர்வரை எடுத்துக்கொள்வோம். ரூட் போன்ற உள்ளூர்க் கணக்குகள் அந்தக் கணினியிலேயே இருக்கின்றன. ஊழியர்களின் கணக்குகள் மைய எல்டாப் சர்வரில். பாம் கோப்பில் ‘ஆத்’ கட்டத்துக்கு இரண்டு வரிகள்: முதலில் பாம்_யூனிக்ஸ், அதன்கீழ் பாம்_எல்டாப். கவி என்ற ஊழியர் சூடோ போடுகிறார். பாம்_யூனிக்ஸ் அவரிடம் கடவுச்சொல் கேட்கிறது. சரியாகவே தட்டுகிறார். ஆனால் கவிக்கு இந்தக் கணினியில் உள்ளூர்க் கடவுச்சொல்லே கிடையாது, பாம்_யூனிக்ஸ் கைவிரித்துவிடுகிறது. அடுத்து பாம்_எல்டாப் வருகிறது. அதற்கு யாரும் எதுவும் சொல்லிவைக்கவில்லை. அதுவும் புதிதாகக் கேட்கிறது. கவி அதையே மறுபடி தட்டுகிறார், இம்முறை உள்ளே விடுகிறது. தினமும் இதே கதை என்பதால் ‘இந்த மெஷினில் ரெண்டு தடவை அடிக்கணும்’ என்று புது ஊழியர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்.

தாலுகா அலுவலகத்தில் முதல் மேசையில் ஆதார் செராக்ஸ் கொடுத்திருப்போம். அதே கோப்பு அடுத்த மேசைக்குப் போனதும் அங்கிருப்பவரும் இன்னொரு செராக்ஸ் கேட்பார். கோப்பைத் திறந்து பார் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு இருந்தால்தான் அவர் திறப்பார். பாமிலும் அப்படி ஒரு கோப்பு உண்டு. முதல் மாட்யூல் வாங்கிய கடவுச்சொல்லை ‘பாம்_ஆத்டோக்’ என்ற நினைவிடத்தில் வைக்கிறது. திறந்து பார்க்கச் சொல்லும் உத்தரவுகள் இரண்டு, வரியின் கடைசியில் ஒற்றைச் சொல்லாகச் சேர்ப்பவை. ‘ட்ரை_ஃபர்ஸ்ட்_பாஸ்’ என்று போட்டால், இருப்பதை முதலில் பயன்படுத்திப் பார், பொருந்தாவிட்டால் நீயே கேள் என்று பொருள். ‘யூஸ்_ஃபர்ஸ்ட்_பாஸ்’ என்றால், இருப்பதை மட்டுமே பயன்படுத்து, பொருந்தாவிட்டால் தோல்வி என்று சொல், வாயைத் திறக்காதே. இரண்டுமே 1995 வரைவிலேயே இருக்கின்றன. கவியின் அலுவலகத்தில் இரண்டாவது வரியின் முடிவில் இதில் ஒன்றைச் சேர்த்தால் தொல்லை தீர்ந்தது.

எதைச் சேர்ப்பது என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். ‘ட்ரை’ பெருந்தன்மையானது போலத் தெரியும். ஆனால் கவி ஒரு நாள் உண்மையிலேயே தப்பாகத் தட்டினால், பாம்_யூனிக்ஸ் தோற்று, பாம்_எல்டாப் அந்தத் தப்பான சொல்லைச் சோதித்துத் தோற்று, பின் தானே ஒரு முறை கேட்கும். அது முடிந்ததும் சூடோ தன் பங்குக்கு முழு வரிசையையும் மறுபடி ஓட்டும். சூடோவின் இயல்பான அளவு மூன்று முயற்சிகள். மூன்று இரண்டு ஆறு. பயனர் கண்ணுக்கு ஆறு கேள்விகளும் ஒரே சங்கிலி. என்னைக் கேட்டால் இரண்டாவது மாட்யூலுக்கு ‘யூஸ்’தான் சரி. ஒரு முறைக்கு ஒரு கேள்வி, அவ்வளவுதான். இரண்டு இடங்களிலும் கடவுச்சொல் வேறு வேறாக இருக்கும் அமைப்புகளுக்கு மட்டும் ‘ட்ரை’ பொருந்தும். இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது: வரிகளை மேலும் கீழும் மாற்றும்போது ‘யூஸ்’ போட்ட வரி முதலிடத்துக்கு வந்துவிடும். அதற்கு முன்னால் யாரும் எதையும் வாங்கி வைத்திருக்கவில்லை. அது கேட்காமலே தோற்றுவிடும், அடுத்த மாட்யூல் கேட்கத் தொடங்கும், அமைத்தவர் வரிசை தலைகீழாகிவிட்டதைக் கவனிக்கவே மாட்டார்.

கேட்பது மாட்யூலா, மேலே உள்ள நிரலா என்பதைக் கண்டுபிடிக்கக் கையில் கடிகாரம் இருந்தால் போதும். பாம்_யூனிக்ஸ் தோற்றால் சுமார் 2 நொடி தாமதம் வேண்டும் என்று கோரும். ஊகித்துத் தாக்குபவரை மெதுவாக்கத்தான் அது. ஆனால் பாம் அந்தத் தாமதத்தை அங்கேயே செலவிடாது. ‘ஆத்’ வரிசை முழுவதும் முடிந்து, விடையை நிரலிடம் திருப்பித் தருவதற்குச் சற்று முன்புதான் செலவிடும். அதுவும் துல்லியமான 2 நொடியாக இல்லாமல் கொஞ்சம் முன்பின்னாக. ஆகவே டெர்மினலில் என்டர் அடித்த மறுகணமே இரண்டாவது கேள்வி பளிச்சென்று வந்தால், அதே வரிசைக்குள் அடுத்த மாட்யூல் கேட்கிறது. கொஞ்சம் இழுத்து, ‘ஸாரி, ட்ரை அகெய்ன்’ என்று சொல்லிவிட்டு வந்தால், முழு வரிசையும் தோற்று நிரல் மறுபடி தொடங்குகிறது. முதலாவது அமைப்புக் கோளாறு. இரண்டாவதில் சோதனையே தோற்றிருக்கிறது, சொல் தப்பாக இருக்கலாம்.

கேள்வியின் வாசகமும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். சூடோ கேட்டால் தன் பெயரைச் சதுர அடைப்புக்குள் போட்டு உங்கள் பெயரையும் சேர்த்துக் கேட்கும். பழைய பாம்_எல்டாப் ‘எல்டாப் பாஸ்வேர்டு’ என்றே கேட்கும். கெர்பரோஸ் மாட்யூல் உங்கள் பெயருக்குப் பின்னால் ஒரு @ குறியும் பெரிய எழுத்தில் நிறுவனத்தின் களப்பெயரும் சேர்க்கும். எஸ்எஸ்எச் கிளையன்ட் ‘பாஸ்ஃபிரேஸ்’ என்று கேட்டால் அது சர்வரின் கேள்வியே இல்லை. உங்கள் மடிக்கணினியிலுள்ள சாவிக் கோப்பைத் திறக்கக் கேட்கிறது. சர்வரின் கடவுச்சொல்லை அங்கே எத்தனை முறை தட்டினாலும் வேலைக்காகாது. ஒரு நுணுக்கம்: வெறும் ‘பாஸ்வேர்டு’ என்று மாட்யூல் கேட்டால் சூடோ அதன்மேல் தன் வாசகத்தை ஒட்டிவிடும். மாட்யூலின் வாசகம் வேறு மாதிரி இருந்தால் தொடாது. எனவே முதல் கேள்வி சூடோ பாணியிலும் இரண்டாவது வேறு பாணியிலும் வந்தால், கவியின் கதைதான் என்று சந்தேகிக்கலாம்.

வாசகத்தைப் படிக்காமல் தட்டும் பழக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. பொது டெர்மினல்கள் இருந்த கல்லூரிகளில் பழைய குறும்பு ஒன்று: அசல் லாகின் திரை போலவே ஒன்றை எழுதி ஓடவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்து வருபவர் பெயரும் கடவுச்சொல்லும் தட்டுவார். போலி நிரல் அதைக் குறித்துக்கொண்டு ‘லாகின் இன்கரெக்ட்’ என்று சொல்லி, அசல் லாகினிடம் ஒப்படைத்துவிட்டுக் காணாமல் போகும். இரண்டாம் முறை எல்லாம் சரியாக நடக்கும். முதல் தடவை நாம்தான் தப்பாகத் தட்டினோம் என்று நினைத்துக்கொள்ளும் மனத்தை நம்பிச் செய்த வேலை. லினக்ஸ் கர்னலில் இதற்கென ஒரு விசைக்கூட்டு இருக்கிறது. ஆல்ட், சிஸ்ஆர்க்யூ, கே மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அந்தக் கன்சோலில் ஓடும் எல்லா நிரல்களையும் கொன்றுவிட்டு அசல் லாகினைக் கொண்டுவரும். பல விநியோகங்களில் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும், அது வேறு கதை.

ஏன் மறுத்தாய் என்று கணினியிடம் கேட்டால் பதில் வராது. அந்த மௌனத்தை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். பெயர் தப்பா, கடவுச்சொல் தப்பா, கணக்கு பூட்டப்பட்டதா என்று சொல்லிவிட்டால் தாக்குபவருக்குப் பாதி வேலை மிச்சம். பாம் கோப்பில் ‘ரிக்வயர்டு’ என்று குறித்த மாட்யூல் தோற்றாலும் பாம் உடனே நிறுத்தாமல் கீழே உள்ளவற்றையும் கூப்பிட்டுவிட்டு, கடைசியில்தான் இல்லையென்று சொல்லும். எந்தப் படியில் விழுந்தோம் என்று வெளியே தெரியாமலிருக்க இந்த ஏற்பாடு. எஸ்எஸ்எச் சர்வர், இல்லாத பயனர் பெயருக்கும் கடவுச்சொல் கேட்டுவிட்டு மறுக்கும். இந்த நாடகம் ஒருமுறை நேர வித்தியாசத்தால் அம்பலமானது. இல்லாத பெயர் வந்தால் ஓப்பன்எஸ்எஸ்எச் ஒரு போலிச் சொல்லை ப்ளோஃபிஷ் முறையில் அரைத்து நேரம் கடத்தும். உண்மையான பயனர்களுக்கோ எஸ்எச்ஏ256, எஸ்எச்ஏ512 ஓடிக்கொண்டிருந்தது. மிக நீளமான ஒரு கடவுச்சொல்லை அனுப்பினால், உண்மையான பெயருக்கு மறுப்பு வர அதிக நேரம் ஆனது. அதை வைத்தே எந்தப் பெயர்கள் இருக்கின்றன என்று கண்டுபிடிக்க முடிந்தது. 2016-ல் 7.3 பதிப்பில் சரிசெய்தார்கள்.

வெளியே பேசாத கணினி, உள்ளே எல்லாவற்றையும் எழுதிவைக்கிறது. டெபியன், உபுன்டு வகைகளில் ‘/வார்/லாக்/ஆத்.லாக்’, ரெட்ஹாட் வகைகளில் ‘/வார்/லாக்/செக்யூர்’, புதியவற்றில் ஜர்னல்சிடிஎல் கமாண்டு. பொதுவாக ரூட் அல்லது அட்மின் உரிமை உள்ளவர் மட்டும் படிக்கலாம். இரண்டு டெர்மினல்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, ஒன்றில் லாக்கை ஓடவிட்டு மற்றதில் கடவுச்சொல்லைத் தட்டிப் பாருங்கள். நான் பார்த்தவரை, ஒரு மணி நேரம் ஊகித்துக் கொண்டிருப்பதை விட இந்த ஒரு நிமிடம் அதிகம் சொல்லும்.

பாம் எழுதும் வரி ‘பாம்_யூனிக்ஸ்(சூடோ:ஆத்)’ என்று தொடங்கும். மாட்யூலின் பெயர், அடைப்புக்குள் எந்தக் கோப்பு, எந்தக் கட்டம். முகவரியே கிடைத்துவிட்டது. அதைத் தொடர்ந்து ‘ஆதென்டிகேஷன் ஃபெயிலியர்’ என்று இருந்தால் உடனே பதறக் கூடாது. கவி போன்ற மையக் கணக்குக்காரர் சரியாக உள்ளே போகும்போதும் முதலில் பாம்_யூனிக்ஸின் தோல்வி வரி விழும், அதற்கடுத்த வரியில், மையக் கணக்கைச் சோதிக்கும் பாம்_எஸ்எஸ்எஸ் போன்ற மாட்யூல் வெற்றி என்று எழுதும். தோல்வி வரிகளை மட்டும் வடிகட்டிப் பார்த்து ‘யாரோ ஹேக் செய்கிறார்கள்’ என்று மேலதிகாரிக்கு மின்னஞ்சல் போகும் அலுவலகங்கள் உண்டு. ‘யூசர் அன்னோன்’ என்று வந்தால் பெயரிலேயே பிழை. அடைப்புக்குள் ‘ஆத்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘அக்கவுன்ட்’ இருந்தால் கடவுச்சொல் சரி, கணக்குக்குத்தான் கோளாறு.

சூடோ கேட்பதெல்லாம் பாமின் குற்றம் ஆகாது. 1980 வாக்கில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பாப் காக்ஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதிய இந்த நிரலுக்குத் தனி ஞாபகம் உண்டு. ஒருமுறை சரியாகச் சொன்னால் சிறிது நேரம் கேட்காது. மூல அமைப்பில் 5 நிமிடம், டெபியன், உபுன்டுவில் 15 நிமிடம். அந்த ஞாபகம் டெர்மினலுக்கு டெர்மினல் தனி. புது டேப் திறந்தால் கேட்கத்தான் செய்யும். நீண்ட நேரம் ஓடும் ஸ்க்ரிப்டின் நடுவில் இரண்டாவது சூடோ கேள்வியோடு நின்றுகொண்டிருப்பதும் இதனால்தான். காலையில் வந்து பார்த்தால், இரவெல்லாம் ஓடியிருக்க வேண்டிய பேக்கப் கடவுச்சொல்லுக்காகக் காத்திருக்கும்.

கடவுச்சொல் வேண்டாம் என்று ‘நோபாஸ்வட்’ போட்ட பிறகும் கேட்கிறதே என்பது இன்னொரு புகார். யார் எதைச் செய்யலாம் என்று சூடோவுக்குச் சொல்லும் சூடோவர்ஸ் கோப்பில் பொருந்தும் வரிகளில் கடைசியாக வருவதுதான் செல்லும். கவிக்கு ஒரு கமாண்டை மட்டும் கடவுச்சொல் இல்லாமல் அனுமதிக்கும் வரியை நடுவில் எழுதிவிட்டு, அதற்குக் கீழே ‘சூடோ குழுவினர் எதையும் செய்யலாம்’ என்ற பொது வரியை விட்டுவைத்தால், கவியும் அந்தக் குழுவில் இருப்பதால் கீழ்வரி மேல்வரியை அடித்துவிடும். விதிவிலக்கைக் கீழே தள்ளினால் போதும். திருத்தும்போது விசூடோ என்ற கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும். இலக்கணப் பிழை இருந்தால் சேமிக்க விடாமல் எச்சரிக்கும்.

எஸ்எஸ்எச்சில் கதை வேறு. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டதைத் தொடர்ந்து 1995-ல் டாட்டு யில்லோனென் எழுதியது அது. சாவிக் கோப்பு வைத்திருந்தால் கடவுச்சொல்லே தேவையில்லை என்பது அதன் பெரிய வசதி. சாவியை உருவாக்கி, சர்வரில் வைத்து, எல்லாம் முடித்த பிறகும் அது கடவுச்சொல்லே கேட்டால்? பத்தில் பல முறை காரணம், வீட்டு ஃபோல்டரின் எழுதும் உரிமை. யாரோ எதற்கோ அந்த ஃபோல்டரில் குழுவினர் அனைவரும் எழுதலாம் என்று திறந்துவைத்திருப்பார்கள். அப்படியானால் குழுவிலுள்ள எவரும் உள்ளே இருக்கும் சாவிப் பட்டியலுக்குப் பதிலாகத் தன் பட்டியலை வைத்துவிட முடியும். சர்வர் அந்தப் பட்டியலை நம்ப மறுத்து, சத்தமில்லாமல் கடவுச்சொல் முறைக்கு இறங்கிவிடும். உங்கள் பக்கத்தில் ‘-வி’ சேர்த்து ஓட்டினால் சாவியை நீட்டினேன், ஏற்கவில்லை என்பது வரைதான் தெரியும். ‘பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்’ என்ற உண்மையான காரணம் சர்வரின் லாக்கில் கிடைக்கும். வீட்டு ஃபோல்டரிலிருந்து குழுவின் எழுதும் உரிமையை எடுத்து, எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, சாவிப் பட்டியலுக்கு 600 என்று அமைத்தால் சாவி வேலை செய்யும்.

கடவுச்சொல் முழுக்கச் சரியாக இருந்தும் கடிகாரத்தால் தோற்பது கெர்பரோஸில் நடக்கும். யாராவது பழைய செய்தியைப் பிடித்து வைத்துத் திரும்ப அனுப்பி ஏமாற்றாமலிருக்க, அந்த முறை செய்திகளில் நேர முத்திரை வைக்கிறது. இரு கணினிகளின் கடிகாரத்துக்கும் இடையே வழக்கமாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுத்துக்கொள்ளும். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, கணினி அணைந்து எழும்போது தேதி எங்கோ பின்னால் போய்விட்டால், ‘டிக்கெட்’ என்ற அனுமதிச் சீட்டுக்கான உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படும். திரையில் வருவது என்னவோ அதே ‘பாஸ்வேர்டு’தான். ‘டேட்’ என்று ஒரு கமாண்டு தட்டிப் பார்த்திருந்தால் அப்போதே விடை தெரிந்திருக்கும்.

கடவுச்சொல் சரி, பாமும் சரி, ஆனாலும் வரைகலை லாகின் திரை திரும்பத் திரும்ப வருவதும் உண்டு. தட்டியதும் திரை ஒரு கணம் கறுத்து, பிறகு லாகினே மீண்டும் தோன்றும். தப்பான கடவுச்சொல் என்று திட்டியிருக்காது, அதுதான் துப்பு. அங்கீகாரம் முடிந்து, டெஸ்க்டாப் தொடங்கி, தொடங்கிய வேகத்தில் செத்திருக்கிறது. வீட்டு ஃபோல்டரில் உள்ள எக்ஸ்அத்தாரிட்டி என்ற மறை கோப்பு, எப்போதோ வரைகலை நிரல் ஒன்றைச் சூடோவில் ஓட்டியதால் ரூட்டின் பெயருக்கு மாறியிருக்கலாம். உங்கள் வீட்டிலேயே உங்களால் எழுத முடியாத கோப்பு. வட்டு நிரம்பியிருந்தாலும் இதே சுழற்சிதான். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி உரைக் கன்சோலுக்குப் போய் அதே கடவுச்சொல்லால் நுழைய முடிந்தால், கடவுச்சொல்லைச் சந்தேகிப்பதை நிறுத்திவிடலாம். இந்தச் சோதனையில் ஒரு கண்ணி உண்டு. வரைகலைத் திரையின் விசைப்பலகை அமைப்பும் உரைக் கன்சோலின் அமைப்பும் தனித்தனி. தமிழ்99-ல் எழுதிக்கொண்டிருக்கும்போது திரை பூட்டிக்கொண்டால், திறக்கத் தட்டும் கடவுச்சொல் தமிழ் எழுத்துகளாக உள்ளே போய்க்கொண்டிருக்கும். புள்ளிகள் அதை மறைத்துவிடும். மூலையில் உள்ள மொழிக் குறியைப் பார்ப்பதுதான் வழி.

உள்ளே போன பிறகு கேட்பவரும் ஒருவர் இருக்கிறார். க்னோம் டெஸ்க்டாப் வந்து நின்றதும் ‘கீரிங்’ திறக்கவில்லை, கடவுச்சொல் கொடு என்று ஒரு பெட்டி எழும். வைஃபை, மின்னஞ்சல் போன்றவற்றின் ரகசியங்களைப் பூட்டி வைத்திருக்கும் கோப்பு அது. லாகின் கடவுச்சொல்லையே சாவியாக வைத்துப் பூட்டியிருப்பார்கள். நீங்கள் லாகின் செய்யும்போது அதற்கான பாம் மாட்யூல் கடவுச்சொல்லை வாங்கித் திறந்துவிடும். கணினி தானாக லாகின் ஆகும்படி வைத்திருந்தால் யாருமே எதையும் தட்டவில்லை, திறக்கச் சாவி இல்லை. அட்மின் ரூட்டாக இருந்து உங்கள் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்திருந்தால், லாகினுக்குப் புதியது, கீரிங்குக்கு இன்னும் பழையது. ‘பாஸ்வேர்டை மாற்றிக் கொடுங்கள்’ என்று அட்மினிடம் கேட்டதே இங்கே இரண்டாவது கேள்வியை உருவாக்கியிருக்கிறது. அந்தப் பெட்டியில் பழைய கடவுச்சொல்லைத் தட்டினால் திறக்கும். மேக்கின் ‘லாகின் கீசெயின்’ செய்வதும் இதேதான்.

பாம் கோப்பில் கைவைக்கும் முன் இன்னொரு டெர்மினலில் ரூட்டாக நுழைந்து, வேலை முடியும்வரை அதை மூடாமல் வைத்திருங்கள். ஒரு வரியில் மாட்யூல் பெயரைத் தப்பாக எழுதிச் சேமித்தால் அந்த நிமிடத்திலிருந்து யாரும் நுழைய முடியாமல் போகலாம், நீங்களும்தான். ஏற்கெனவே திறந்திருக்கும் ஷெல்லை மட்டும் அது பாதிக்காது. மூன்றாவது டெர்மினலில் சோதித்துப் பாருங்கள். பாம்டெஸ்டர் என்ற சிறு கருவி லாகின் செய்யாமலே வரிசையை ஓட்டிக் காட்டும். டெபியன் வகைகளில் பொதுக் கோப்புகளைப் பாம்-ஆத்-அப்டேட் என்ற நிரலும், ரெட்ஹாட் வகைகளில் ஆத்செலக்டும் எழுதுகின்றன. ஆத்செலக்ட் கையில் இருக்கும் கணினியில் நீங்கள் கையால் திருத்தியதை அது அடுத்த முறை அழித்துவிட்டுப் போகும். போன வாரம் தீர்ந்த தொல்லை இந்த வாரம் திரும்ப வந்தால் அங்கே பாருங்கள். மேக்கிலும் கைரேகையால் சூடோ செய்ய வைத்த வரி ஒவ்வொரு மேம்படுத்தலிலும் அழிந்துகொண்டிருந்தது. சோனோமா பதிப்பில்தான் அதற்கென்று அழியாத தனிக் கோப்புக்கு ஆப்பிள் இடம் கொடுத்தது.

கடைசியாக ஒன்று, இங்கே கேட்பவரை மட்டும் விசாரித்தால் போதாது. பாம்_ஃபெயில்லாக் மாட்யூல் தோல்விகளை எண்ணிக்கொண்டிருக்கும். அதன் இயல்பான அளவுகளின்படி 900 நொடிக்குள் 3 தோல்வி என்றால் கணக்கை 600 நொடிக்குப் பூட்டிவிடும். பூட்டியிருக்கும்போது சரியான கடவுச்சொல்லும் செல்லாது. கவி கடவுச்சொல்லை மாற்றிய மறுநாளிலிருந்து அவர் கணக்கு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பூட்டிக்கொள்கிறது. அவர் சரியாகத்தான் தட்டுகிறார், ஆணையிட்டுச் சொல்கிறார். ஃபெயில்லாக் கமாண்டில் அவர் பெயரைக் கொடுத்துக் கேட்டால், எந்த நேரத்தில், எங்கிருந்து தோல்விகள் வந்தன என்று பட்டியலிடும். தட்டாத நேரத்திலும் தோல்விகள் இருக்கும், எல்லாம் ஒரே ஐபி முகவரியிலிருந்து: பழைய கடவுச்சொல்லைச் சேமித்து வைத்துக்கொண்டு அஞ்சல் பார்க்க முயன்றுகொண்டிருக்கும் கைப்பேசி, அல்லது குறித்த நேரத்தில் தானாக ஓடும், யாரும் நினைவில் வைத்திராத ஒரு க்ரான் வேலை. முதலில் அதை நிறுத்திவிட்டு, பிறகு ‘ரீசெட்’ கொடுத்துப் பூட்டைத் திறக்க வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் பத்து நிமிடத்தில் கவியின் அழைப்பு மறுபடி வரும்.